38 வயதில் முழுநேரப் பிஎச்.டி.: அரசுப் பணம் எங்கே இருக்கிறது?

கேள்வியைச் சுருக்கமாகத் தருகிறேன். கேட்டவர் தென்காசி பக்கத்துப் பெண். வயது 38. 2010-இல் எம்.ஏ. பொருளாதாரம் முடித்தவர், இரண்டு பிள்ளைகள், தனியார் பள்ளியில் ஆசிரியர் வேலை. வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் பிஎச்.டி. செய்தால் அரசு உதவித்தொகை கிடைக்குமா என்று கேட்கிறார். எம்.எஸ்சி. வேதியியல் படித்த 41 வயதுத் தோழிக்கும் சேர்த்துக் கேட்டிருக்கிறார்.

கிடைக்கும் சகோதரி. ஆனால் எல்லோரும் உங்களிடம் முதலில் சொல்லியிருக்கக்கூடிய ஜே.ஆர்.எஃப்., அதாவது இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை, உங்களுக்குக் கிடைக்காது. அதைத் தாண்டி இருப்பவை பெரும்பாலும், பிஎச்.டி.யில் பதிவு செய்து முடித்தவருக்கே விண்ணப்பம் கொடுப்பவை. அதனால் முதல் ஆண்டைக் கைக்காசில் நடத்த முடியுமா என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். பல ஆண்டுகள் நெறியாளராக இருந்து நான் பார்த்தவரை, நடுவயதில் திரும்பி வந்தவர்கள் படிப்பைப் பாதியில் விட்டதற்குப் பாடம் கடினமாக இருந்தது காரணமாக இருந்ததில்லை. பணம் வரும் என்று நம்பிய மாதத்தில் அது வராமல் போனதுதான் காரணம்.

ஜே.ஆர்.எஃப். ஏன் கிடைக்காது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இன்னொருவர் தவறான நம்பிக்கை கொடுத்துவிடக் கூடாது. யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப்.புக்கு வயது வரம்பு 30. பெண்கள், ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகள், திருநர் ஆகியோருக்கு 5 ஆண்டு தளர்வு உண்டு. தளர்வுகளை ஒன்றோடு ஒன்று கூட்ட முடியாது. நீங்கள் பெண், ஓ.பி.சி., ஏற்கெனவே ஆராய்ச்சி அனுபவம் உள்ளவர் என்று மூன்று காரணம் காட்டினாலும் மொத்தத் தளர்வு 5 ஆண்டைத் தாண்டாது. ஆக 35-ஓடு கதவு மூடிவிடுகிறது. அந்தக் கதவுக்குள் இருப்பது சிறிய தொகையும் அல்ல. 2023 ஜனவரி 1 முதல் முதல் இரண்டு ஆண்டுக்கு மாதம் 37,000 ரூபாய், அதன்பின் எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வாளர்) ஆனதும் 42,000. விடுதியில் தங்காதவர்களுக்கு ஊரின் வகைப்படி வீட்டு வாடகைப் படி தனி. புத்தகம், களப்பயணம், நகல் செலவுக்கு ஆண்டுதோறும் கன்டின்ஜென்சி தனி. மொத்தம் 5 ஆண்டு.

இந்த வயது வரம்பை நான் நியாயம் என்று ஒருபோதும் ஏற்றுக்கொண்டதில்லை. நம் ஊரில் ஒரு பெண் எம்.ஏ. முடிக்கும்போது 22, 23. அதற்கடுத்த பத்து ஆண்டில்தான் கல்யாணம், பிள்ளைப்பேறு, மாமியார் வீட்டு வைத்தியச் செலவு எல்லாம் வருகின்றன. பெண்களுக்கு என்று கொடுத்த 5 ஆண்டுத் தளர்வு முழுவதும் கடைசிப் பிள்ளை பால் மறக்கும்வரை செலவாகிவிடுகிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருகிற ஆண்களுக்கும் இதே கதைதான், தங்கை கல்யாணக் கடனை அடைத்துவிட்டுத்தான் அவர்கள் மறுபடி புத்தகத்தைத் தொடுகிறார்கள். இதே தமிழ்நாட்டில் அரசு கலை அறிவியல் கல்லூரிக்கு உதவிப் பேராசிரியரை எடுக்கும் ஆசிரியர் தேர்வு வாரியம் 57 வயது வரை விண்ணப்பிக்க விடுகிறது. 57 வரை வேலை கொடுக்கலாம், ஆனால் அந்த வேலைக்கான பட்டத்தைப் படிக்க 35-க்கு மேல் பணம் தர மாட்டோம் என்பது எந்தக் கணக்கில் சேரும்? நீங்கள் 38-இல் தொடங்கி 43, 44-இல் பட்டம் வாங்கினாலும், முன்னால் ஒரு முழுப் பணிக்காலம் கிடக்கிறது. அதனால் 'இந்த வயதில் எதற்கு' என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஜே.ஆர்.எஃப். இல்லை என்பதற்காக நெட் தேர்வை விட்டுவிடாதீர்கள். உதவிப் பேராசிரியர் தகுதிக்கும் பிஎச்.டி. சேர்க்கைக்கும் நெட்டில் வயது வரம்பே கிடையாது. 2024 ஜூன் முதல் நெட் முடிவு மூன்று வகையாக வருகிறது: ஜே.ஆர்.எஃப்.போடு சேர்ந்தது, உதவிப் பேராசிரியர் தகுதியும் பிஎச்.டி. சேர்க்கையும், பிஎச்.டி. சேர்க்கை மட்டும். கடைசி இரண்டு வகையில் வருபவர்களுக்குச் சேர்க்கையின்போது நெட் மதிப்பெண்ணுக்கு 70 சதவீதம், நேர்காணலுக்கு 30 சதவீதம். சேர்க்கைக்கு அந்த மதிப்பெண் ஓராண்டு செல்லும். தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூன் மற்றும் டிசம்பர் சுற்று. தனியாக நுழைவுத்தேர்வு நடத்தும் பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன, ஆனால் நெட் கையில் இருந்தால் கீழே நான் சொல்லப்போகும் இரண்டு மூன்று இடங்களில் அது உதவும். மாநில அளவில் நடக்கும் செட் தகுதித் தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை: வேலைத் தகுதிக்கு அது போதும், உதவித்தொகை எதையும் அது கொண்டுவராது.

உங்களுக்கு நேராகப் பொருந்துவது ஐ.சி.எஸ்.எஸ்.ஆர்., அதாவது இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழு கொடுக்கும் முனைவர் பட்ட உதவித்தொகை. இதில் வயது வரம்பு 40. எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு இன்னும் 5 ஆண்டு. மாதம் 20,000 ரூபாய், கன்டின்ஜென்சி ஆண்டுக்கு 20,000, அதிகபட்சம் 2 ஆண்டு. ஆண்டுக் கணக்கில் 2,60,000. ஜே.ஆர்.எஃப்.போடு பார்த்தால் பாதிக்குச் சற்று மேல்தான், ஆனாலும் தனியார் பள்ளிச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் நீங்கள் எதையும் இழக்கப்போவதில்லை என்று நினைக்கிறேன். விண்ணப்பிக்கும் நாளில் நீங்கள் முழுநேர ஆய்வாளராகப் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். உங்களுக்கு இப்போது 38. பதிவு, கோர்ஸ் ஒர்க் (ஆய்வுக்கு முன் படிக்க வேண்டிய பாடங்கள்), தலைப்பு உறுதி எல்லாம் முடியவே ஓராண்டு போய்விடும். 40 முடிவதற்குள் உங்களுக்கு ஒன்று அல்லது இரண்டு அறிவிப்புகள்தான் கிடைக்கும். ஆகவே அடுத்த சேர்க்கையைத் தவறவிடாதீர்கள். 'பிள்ளை பத்தாம் வகுப்பு முடிக்கட்டும்' என்று ஒரு வருடம் தள்ளினால் இந்தத் திட்டமே கைநழுவிவிடும்.

இந்த உதவித்தொகைக்கு ஆய்வுத் திட்டம்தான் உயிர். மதிப்பெண் பட்டியலைவிட அதைத்தான் குழு கூர்ந்து பார்க்கும். 'இந்தியாவில் பெண்களின் பொருளாதார மேம்பாடு' என்று தலைப்பு வைத்து வருகிற விண்ணப்பங்கள் முதல் சுற்றிலேயே ஒதுங்கிவிடும். நீங்கள் இருக்கிற இடமே ஒரு தலைப்பு. தென்காசி, திருநெல்வேலிப் பக்கம் வீட்டில் இருந்தபடியே பீடி சுற்றும் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுடைய வாராந்திரக் கூலி, சுயஉதவிக் குழுக் கடன், வங்கியல்லாத நுண்கடன் நிறுவனங்களின் தவணை, இந்த மூன்றும் ஒரு வீட்டில் எப்படி மோதிக்கொள்கின்றன என்று கேட்டால் அது ஒரு கேள்வி. எத்தனை கிராமம், எத்தனை வீடு, மாதிரி வீடுகளை எப்படித் தேர்ந்தெடுப்பது, தேசிய அளவிலான தொழிலாளர் கணக்கெடுப்பில் இவர்கள் எந்தத் தலைப்பின் கீழ் வருகிறார்கள், அங்கே இவர்களுடைய வேலை முழுதாகப் பதிவாகிறதா என்று எழுதினால் படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார். உங்களுக்கு அந்தத் தெருக்கள் தெரியும். 24 வயது ஆய்வாளருக்கு அது தெரியாது. வயது உங்களுக்குச் சாதகமாக நிற்கிற இடம் இதுதான், அதை விண்ணப்பத்தில் மறைக்காமல் காட்டுங்கள்.

அதே குழு தன்னுடைய நிதியில் இயங்கும் ஆய்வு நிறுவனங்கள் வழியாகவும் உதவித்தொகை கொடுக்கிறது. தமிழ்நாட்டில் பொருளாதாரம் படித்தவருக்கு அதில் முக்கியமானது, மால்கம் ஆதிசேஷையா 1971-இல் அடையாறில் தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம். சென்னைக்குக் குடிபெயர முடியும் என்றால் அங்கே விண்ணப்பிக்காமல் இருக்காதீர்கள். முடியாது என்றால் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் அதன் கல்லூரிகளும் உங்களுக்குப் பக்கம், களமும் பக்கம்.

மத்தியப் பல்கலைக்கழகங்களில் இன்னொரு வழி உண்டு. 'நான்-நெட்' உதவித்தொகை என்று சொல்வார்கள். ஜே.ஆர்.எஃப். இல்லாமல் பிஎச்.டி. சேர்ந்தவர்களுக்கு மாதம் 8,000 ரூபாய். 2015 அக்டோபரில் யு.ஜி.சி. இதை நிறுத்தப் பார்த்தபோது மாணவர்கள் தில்லியில் யு.ஜி.சி. அலுவலக வாசலிலேயே நாள்கணக்கில் உட்கார்ந்து போராடித் தக்கவைத்த தொகை இது. அதன்பிறகும் விலைவாசி எங்கேயோ போய்விட்டது, 8,000 அப்படியே நிற்கிறது. ஆனாலும் நமக்குப் பக்கத்தில் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகமும் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. பதிவு செய்த முதலாண்டில் கையில் வேறு எதுவும் இல்லாதபோது இந்த 8,000 பெரிய ஆறுதல். வேறு உதவித்தொகை வந்ததும் இதை விட்டுவிட வேண்டும். எந்தத் திட்டத்திலும் ஒரே நேரத்தில் இரண்டு வாங்க முடியாது, உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள்.

உங்களுக்கு உடன்பிறந்தவர் யாராவது உண்டா? கேள்வி விசித்திரமாகத் தோன்றலாம். பெற்றோருக்கு நீங்கள் ஒரே பிள்ளை என்றால் யு.ஜி.சி.யின் சாவித்திரிபாய் ஜோதிராவ் பூலே உதவித்தொகைக்கு 40 வயது வரை விண்ணப்பிக்கலாம், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45. தொகை ஜே.ஆர்.எஃப். அளவுக்கே. அண்ணன், தம்பி இருந்தால் பொருந்தாது. இரட்டையராகப் பிறந்த இரண்டு பெண் பிள்ளைகள் மட்டும் உள்ள குடும்பம் என்றால் பொருந்தும். உங்கள் மகள்களைப் பற்றிய கேள்வி அல்ல இது, நீங்கள் உங்கள் அப்பா அம்மாவுக்கு ஒரே பிள்ளையா என்பதுதான் கேள்வி. விண்ணப்பம் போடும் பலர் இங்கேதான் குழம்புகிறார்கள்.

சாதிச் சான்றிதழை வைத்துக் கிடைப்பவற்றை நீங்கள் எழுதாததால் பொதுவாகச் சொல்கிறேன். எஸ்.சி. மாணவர்களுக்கான தேசிய உதவித்தொகையில் ஆண்டுக்கு 2,000 இடம், ஓ.பி.சி.க்கு 1,000, பழங்குடியினருக்கு 750. முதல் இரண்டுக்கும் நெட் முடிவு அடிப்படை, ஜே.ஆர்.எஃப். கிடைக்காதவர்களிலிருந்து எடுப்பார்கள். தொகை ஜே.ஆர்.எஃப்.பைத் தொட்டே வருகிறது. முன்பு இவற்றை யு.ஜி.சி. நடத்தியது, இப்போது எஸ்.சி., ஓ.பி.சி. இரண்டும் அந்தந்தப் பிரிவின் தேசிய நிதி மேம்பாட்டுக் கழகங்களின் கையில். நிர்வாகம் கைமாறியதில் பணம் மாதக்கணக்கில் தாமதமான அனுபவம் மாணவர்களுக்கு உண்டு. சிறுபான்மையினருக்கு இருந்த மௌலானா ஆசாத் உதவித்தொகையை மத்திய அரசு 2022 டிசம்பரில் கைவிட்டதாக நாடாளுமன்றத்திலேயே அறிவித்துவிட்டது. இணையத்தில் பழைய குறிப்புகளில் அது இன்னும் கிடக்கிறது, அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

தமிழ்நாடு அரசு, ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர் ஆகியோரில் முழுநேர ஆய்வாளர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் தருகிறது. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மாதத்துக்குப் பிரித்தால் 8,333. குறைவுதான், ஆனால் கட்டணம், பேருந்து, தட்டச்சு எல்லாம் அதில் நடந்துவிடும். முதலமைச்சரின் ஆராய்ச்சி ஊக்கத்தொகை என்று இன்னொன்று, அரசுக் கல்லூரிகளிலும் மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் முழுநேரம் படிப்பவர்களுக்கு. அதற்கான முதல் தேர்வை ஆசிரியர் தேர்வு வாரியம் 2023 டிசம்பரில் நடத்தியது. அப்போது கலை, அறிவியல் இரண்டுக்கும் சேர்த்து 120 இடம்தான். அறிவிப்பு வந்ததும் முதலில் வயது வரியைப் படியுங்கள், பிறகு பாடத்திட்டத்தைப் படியுங்கள். மாநில அரசு தன் சொந்தத் திட்டங்களிலாவது வயதை எடுத்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் கோரிக்கை. ஆசிரியர் வேலைக்கு 57 வரை ஏற்கிற அரசுக்கு அது கடினமான காரியம் அல்ல.

இனி வேலையை விடுவது பற்றி. நான் மேலே சொன்ன எல்லாமே முழுநேர ஆய்வாளர்களுக்கு. பகுதிநேரமாகப் பதிவு செய்தால் ஒன்றுகூடக் கிடைக்காது. பகுதிநேரத்துக்கு யு.ஜி.சி.யின் 2022 விதிமுறை இடம் தருகிறது, பள்ளி நிர்வாகத்திடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், கோர்ஸ் ஒர்க் காலத்தில் விடுவிப்போம் என்றும் அவர்கள் எழுதித் தர வேண்டும். சம்பளம் தொடரும், ஆய்வு இழுக்கும். உங்கள் வீட்டில் இன்னொரு வருமானம் இருந்து, ஓராண்டுக்கான செலவைத் தனியே எடுத்து வைக்க முடிந்தால் முழுநேரமே நல்லது. முடியாது என்றால் பகுதிநேரமாகச் சேர்ந்து, பிறகு முழுநேரத்துக்கு மாற்றப் பல்கலைக்கழகம் அனுமதிக்குமா என்பதைச் சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். ராஜினாமா கடிதத்தைச் சேர்க்கை ஆணை கைக்கு வந்த பிறகு கொடுங்கள், நெறியாளர் 'சரி' என்று போனில் சொன்ன அன்றைக்குக் கொடுக்காதீர்கள்.

கால அளவில் விதிமுறை உங்கள் பக்கம் கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது. பிஎச்.டி.க்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6. மறுபதிவு செய்தால் மேலும் 2. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கும் மேலே 2, ஆக 10 ஆண்டு வரை போகலாம். மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக முழுப் படிப்புக் காலத்தில் 240 நாள் வரை எடுக்கலாம். பிள்ளையின் பொதுத்தேர்வு என்று வரும்போது இந்த 240 நாள் ஞாபகம் இருக்கட்டும். குழந்தைப் பராமரிப்பு என்று விதியில் தெளிவாகவே இருக்கிறது, விண்ணப்பம் எழுதிக் கேட்கத் தயங்க வேண்டாம்.

பணம் எப்படி உங்கள் கணக்குக்கு வருகிறது என்பதையும் ஒருமுறை கிட்டே நின்று பாருங்கள். யு.ஜி.சி. உதவித்தொகைகள் கனரா வங்கியின் இணையதளம் வழியாக நடக்கின்றன. உங்கள் பல்கலைக்கழகத்தில் 'மேக்கர்' என்று ஒருவர், 'செக்கர்' என்று ஒருவர். இந்த மாதம் இந்த ஆய்வாளர் படிப்பில் இருக்கிறார் என்று மேக்கர் பதிவேற்ற வேண்டும், செக்கர் ஒப்புதல் கொடுக்க வேண்டும். இருவரில் ஒருவர் விடுப்பில் போனால் அந்த மாதம் நின்றுபோகும். என்னிடம் ஆய்வு செய்த ஒரு பெண்ணுக்கு இரண்டாம் ஆண்டு முடிவில் எஸ்.ஆர்.எஃப்.புக்கு உயர்த்தும் குழு கூடியது. நெறியாளர், துறைத்தலைவர், வெளியிலிருந்து ஒரு நிபுணர் என்று மூவரும் வந்தோம், அறிக்கையும் நன்றாக இருந்தது. கூட்டக் குறிப்பில் வெளி நிபுணரின் கையெழுத்துக்குக் கீழே தேதி விடுபட்டிருந்தது. அந்த ஒரு தேதிக்காகத் தாள் திரும்பி வந்து, அவர் ஊருக்குப் போய்க் கையெழுத்து வாங்கி, மறுபடி பதிவேற்றி முடிப்பதற்குள் அந்தப் பெண் வீட்டு வாடகைக்கு நகையை அடகு வைத்துவிட்டார். பணம் பின்னால் நிலுவையோடு வந்தது, வட்டி அவருடையதுதான். அதனால் அந்தப் பிரிவில் யார் மேக்கர், யார் செக்கர் என்று முதல் வாரமே தெரிந்துகொள்ளுங்கள். வருகைச் சான்று, வாடகைப் படிச் சான்று இரண்டிலும் நெறியாளர் கையெழுத்தை 25-ஆம் தேதிக்குள் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா, சான்றிதழ்களில் கல்யாணத்துக்கு முந்தைய பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒன்றா என்று இன்றைக்கே பாருங்கள். அப்பா பெயரின் முதலெழுத்துக்குப் பதில் கணவர் பெயரின் முதலெழுத்து வந்திருந்தால், திருத்தம் செய்யப் பதிவுக்கு முந்தைய மாதங்களே நல்ல நேரம்.

தோழிக்கு என் பதில் இன்னும் தெம்பானது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை பெண்களுக்காகவே நடத்தும் வைஸ்-கிரண் திட்டத்தில் 'வைஸ் பிஎச்.டி.' என்று ஒரு பிரிவு, 27 முதல் 45 வயது வரையுள்ள பெண்களுக்கு. அடிப்படை அறிவியல், பயன்பாட்டு அறிவியல் இரண்டிலும் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பணம். குடும்பத்துக்காக இடைவெளி விட்ட பெண்களை ஆய்வகத்துக்குத் திரும்பக் கொண்டுவர 2002-03 முதல் அந்தத் துறை பெண் விஞ்ஞானிகள் திட்டம் என்று ஒன்றை நடத்தியது. அந்த வழியில் வந்ததுதான் இது. நாட்டில் வயதையும் இடைவெளியையும் கணக்கில் எடுத்துக்கொண்டு வகுத்த திட்டங்கள் மிகக் குறைவு, அவற்றில் இது மேலானது என்பேன். பட்டம் வாங்கிய பிறகும் இதே குடையின் கீழ் 60 வயது வரை ஆய்வு தொடரப் பிரிவு இருக்கிறது. அவருக்கு 41 என்றால் இன்னும் நான்கு ஆண்டு கையில் இருக்கிறது. ஆனால் அவரை ஏற்கிற நெறியாளரும் நிறுவனமும் முதலில் வேண்டும். ஆய்வகம் உள்ள இடம், கருவி உள்ள இடம், முனைவர் பட்டம் முடித்துக் கொடுத்த அனுபவம் உள்ள நெறியாளர், இந்த மூன்றையும் பார்த்து இரண்டு மூன்று பேருக்கு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள். 'எனக்கு 41 வயது, இத்தனை ஆண்டு இடைவெளி' என்று முதல் பத்தியிலேயே எழுதட்டும். வைஸ் திட்டத்தில் அந்த இடைவெளியும் அவருடைய தகுதிதான்.